படகுக்குக் கரையிலிருந்து வரும் கரண்ட் லோ வோல்டேஜ்; பூஸ்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஏசி ஓடுமா?

உங்கள் கேள்வி இதுதான்: படகில் இரண்டு 240 வோல்ட் ஏசி, கரை பிளக்கில் 200ஐ ஒட்டித்தான் வருகிறது, சாயங்காலம் ஆனால் கம்ப்ரெசர் ட்ரிப் ஆகிறது, வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் மீட்டரை எடுத்துக்கொண்டு இரண்டு இடத்தில் அளந்துவிடுங்கள். நான் அளக்காமல் வாங்கி, படகையே கொளுத்தப் பார்த்தவன்.

ஃப்ளோரிடாவில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து பழைய 42 அடி டிராலர் வகைப் படகு ஒன்று வைத்திருக்கிறோம். 50 ஆம்பியர் இணைப்பு. இரண்டு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த் என்று நாலு கம்பி. இரண்டு பேஸுக்கும் நடுவில் 240 வர வேண்டும். எங்கள் துறையில் 208க்கு மேல் வந்ததே இல்லை. மரீனாக்காரர்கள், அதாவது படகுத் துறையை நடத்துபவர்கள், ஏதோ ஏமாற்றுகிறார்கள் என்று கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தோம், அப்புறம்தான் புரிந்தது: பெரிய மரீனாக்கள் பலவற்றில் சப்ளை மூன்று பேஸ். அதில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 120, ஆனால் இரண்டு பேஸுக்கு நடுவில் 208தான். அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. அதனால் 120 வோல்ட் சாமான்களுக்கு ஒன்றும் ஆகாது. 240 கேட்கிற ஏசியும் அடுப்பும்தான் வாடும். அடுப்பு பரவாயில்லை, முக்கால் சூட்டில் மெதுவாகக் கொதிக்கும். கம்ப்ரெசர் அப்படி விடாது. 230 என்று தகட்டில் போட்ட மோட்டார் வழக்கமாகப் பத்து சதவீதம் குறைவு வரை தாங்கும், அதாவது 207. கரையில் 208 இருந்து கேபிளில் ஏழெட்டு வோல்ட் போனால் தீர்ந்தது கதை, கிளம்பத் தெம்பில்லாமல் உறுமிக்கொண்டே கரண்டை இழுத்துச் சூடாகும்.

அந்த ஜூலையில் படகு பேனலில் 190 காட்டியது. உடனே ஒரு பூஸ்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினோம், ஏசி அருமையாக ஓடியது. நாலாம் நாள் இரவு பிளாஸ்டிக் கருகுகிற வாடை. கேபிளைக் கழற்றினால், படகு பக்கத்து சாக்கெட்டில் ஒரு முள் கரி பிடித்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் மெழுகு மாதிரி வழிந்து உறைந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பூஸ்ட் போடுவதற்கு முன், லோடு ஓடும்போது கரைப் பெட்டியில் 202, படகில் 190 என்று நண்பர் குறித்து வைத்திருந்தார். நான்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை. நல்ல நிலையில் உள்ள 50 அடி கேபிளில் 30 ஆம்பியருக்கு ஒன்று, ஒன்றரை வோல்ட்தான் விழும். மீதிப் பத்து வோல்ட் எங்கே போனது? அந்த முள்ளில். பத்து வோல்ட், 30 ஆம்பியர் என்றால் 300 வாட். ஒரு சின்ன சாக்கெட்டுக்குள் இஸ்திரிப் பெட்டியில் பாதி. அதன்மேல் நாங்கள் பூஸ்ட் வேறு போட்டுவிட்டோம். வோல்டேஜை 15 சதவீதம் ஏற்றினால், படகுக்குள் அதே ஆம்பியர் ஓடும்போது, கரையிலிருந்து இழுக்கும் கரண்டும் அதே அளவு ஏறும், சூடு மூன்றில் ஒரு பங்கு கூடும். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் புதிதாகச் சக்தியைக் கொண்டுவருவதில்லை, வோல்டேஜுக்கு ஆம்பியரை மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்றிய பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் 201, பின்னால் 231. இன்று வரை அதே நிலைதான். ஆக, உங்கள் விஷயத்தில் ஏசி ஓடும்போதே இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். இடையில் ஐந்தாறு வோல்ட் தொலைகிறது என்றால் காசை முதலில் பிளக்கில் போடுங்கள். கரையிலேயே குறைவு என்றால் பூஸ்ட் சரியான வைத்தியம்.

எந்த வகை வாங்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நம் வீட்டு ஸ்டெபிலைசர் மாதிரியான மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரை மொத்த லைனுக்கும் போட்டு நியூட்ரலை நேராக விட்டால், 208ஐ 240 ஆக்கும்போது 120 வர வேண்டிய பக்கம் 134 வரை ஏறிவிடும். பேஸுகளுக்கு நடுவே உள்ள கோணம்தான் காரணம். டிவி, மைக்ரோவேவ் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த வகையை ஏசிக்கு மட்டும் தனியாகக் கொடுக்கலாம். முழுப் படகுக்கும் என்றால் பூஸ்ட் உள்ள ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான், அது நடுப்புள்ளியில் புதிய நியூட்ரல் உண்டாக்கி 120, 240 இரண்டையும் ஒழுங்காகத் தரும். விலை அதிகம், ஓர் ஆள் தூக்க முடியாத கனம், சூடும் ஆகும், காற்றோட்டமான இடம் பார்க்க வேண்டும். ஆனால் கரை எர்த்தோடு படகுக்கு உள்ள தொடர்பை அறுத்துவிடுவதால் பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து உங்கள் துத்தநாகக் கட்டிகள் (படகின் உலோகத்துக்குப் பதிலாக அரிபடுவதற்காக மாட்டுபவை) அரிப்பதும் நிற்கும். புதிய துறைகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுகிற பிரேக்கர் இருக்கிறதே, படகுக்குள் இருக்கும் சில்லறைக் கசிவுகளுக்கு அது சும்மா சும்மா விழுவதும் குறையும்.

பூஸ்ட் தானாக ஏறி இறங்குகிற மாடலாகவும் பார்த்து எடுங்கள். எங்கள் பக்கத்துப் படகுக்காரர் கையால் போடுகிற சுவிட்ச் வைத்திருந்தார். வேறு துறைக்குப் போனபோது அங்கே 246 வந்திருக்கிறது, சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார், உள்ளே 283. ஐஸ் மெஷினும் ஒரு ஏசி போர்டும் போயின.

வயரிங்கை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், ஏபிஒய்சி (அமெரிக்கப் படகுத் தர அமைப்பு) சான்று உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, லோ வோல்டேஜ் தெருவில் எல்லா வீட்டிலும் ஸ்டெபிலைசர் வந்ததும் தெரு விளக்கு இன்னும் டிம்மானது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் துறையிலும் பூஸ்ட் போட்ட படகுகள் கூடக் கூட, கடைசிப் பெட்டியில் இருப்பவர் சாயங்காலம் எங்களைப் பார்த்து முறைக்கிறார்.