பெரிய டயர் போட்ட ஜீப் இழுக்கவில்லை: கிரவுன் மாற்றுவதா, ஆக்ஸிலையே மாற்றுவதா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "அண்ணே, அப்பா காலத்து மஹிந்திரா ஜீப், ஃபோர் வீல். 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 போட்டேன், அடுத்து 33 போட ஆசை. ஆனால் இப்போதே டாப் கியரில் இழுக்க மாட்டேன் என்கிறது. திருப்பத்தூர் ரோட்டில் லேசான மேட்டுக்கே மூன்றாவது கியருக்கு வர வேண்டியிருக்கிறது. கண்மாய்க்குள் இறக்கினாலும் திணறுகிறது. மெக்கானிக் பின் டிஃபரன்ஷியலைத் திறந்து எண்ணினார், கிரவுனில் 39 பல், பினியனில் 8. உடைத்த வண்டியின் ஆக்ஸில் முன்னும் பின்னும் ஜோடியாக வந்திருக்கிறது, தூக்கி மாட்டிவிடலாம் என்கிறார். கிரவுன், பினியன் மட்டும் மாற்று என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?"

நண்பர் சொல்வதைக் கேளுங்கள். மெக்கானிக் சொல்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். கிரவுன், பினியன் என்பவை ஆக்ஸிலின் நடுவில், டிஃபரன்ஷியல் என்கிற குண்டுக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கிற பெரிய பல்சக்கரமும் சின்னப் பல்சக்கரமும். ஆக்ஸில் என்பது அவற்றையும் சேர்த்து இரு சக்கரங்களையும் தாங்குகிற முழு அச்சு.

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இழுக்கவில்லை, திணறுகிறது என்றுதான் இருக்கிறதே தவிர, எதுவும் உடைந்ததாக ஒரு வரி இல்லை. ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்ட் முறிந்தது, முன் சக்கரத்து ஜாயின்ட் நொறுங்கியது, ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) வளைந்து டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது, இப்படி எதையாவது சொல்லியிருந்தால் நானும் ஆக்ஸிலைப் பற்றித்தான் பேசியிருப்பேன். உங்கள் குறை பல் கணக்கில் இருக்கிறது. அதற்கு ஆக்ஸிலை மாற்றுவது, பூட்டு துருப்பிடித்ததற்காக நிலைக்கதவையே பெயர்ப்பது போல.

கணக்கைப் பார்ப்போம். 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.88 வரும். அதாவது எஞ்சின் பக்கத்திலிருந்து ஆக்ஸிலுக்கு வருகிற புரோப்பல்லர் ஷாஃப்ட் 4.88 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 29 அங்குல டயருக்கு அது பொருத்தமாக இருந்தது. டயர் 31 ஆனதும் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போகிறது, அதனால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஆறரை சதவீதம் குறைந்துவிட்டது. 33 போட்டால் 12 சதவீதம் போய்விடும். பெட்ரோல் வண்டியென்றால் ஓரளவு சமாளிக்கும், நம் பழைய டீசலுக்கு இருப்பதே குறைந்த குதிரைசக்தி. அதற்கு இழுவையில் 12 சதவீதம் பெரிய இழப்பு.

இதே குடும்பத்துப் பழைய ஜீப்புகளில் 43-க்கு 8 என்று ஒரு ஜோடி உண்டு, அதாவது 5.38. உங்களுக்கு வேண்டியது அதுதான். 4.88-லிருந்து 5.38-க்குப் போனால் இழுவை பத்து சதவீதம் கூடும். 31 டயரோடு சேர்த்துப் பார்த்தால் அப்பா ஓட்டிய காலத்தில் இருந்ததைவிட மூன்று சதவீதம் அதிகம், 33 டயரோடு பார்த்தால் மூன்று சதவீதம் குறைவு. எந்த டயரில் போய் நின்றாலும் பழைய நிலைக்குப் பக்கத்தில்தான் இருப்பீர்கள்.

எஞ்சின் ரொம்பச் சுற்றுமே என்ற பயம் வரும், அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். டாப் கியர் நேர் கியர், அதாவது எஞ்சினும் புரோப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் என்று வைத்துக்கொண்டால், 29 டயரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்று சுற்றியது. இப்போது 31 டயரில் 2,630. கிரவுன் மாற்றியபின் 2,900. திருச்சி போய் வர இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. மீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன்பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்து அனுப்புகிற பெட்டி) வருகிற வண்டியில் இப்போது ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும், அதுவும் ஏறக்குறைய சரியாகிவிடும்.

கண்மாய்க்குள் திணறுவதைத் தனியாகப் பாருங்கள். அங்கே லோ ரேஞ்ச் போட்டீர்களா? பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ லீவர் போட்டாலே இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகிவிடும், அதற்கு முன்னால் ஆறரை சதவீதம் ஒன்றுமே இல்லை. ஐப்பசி மழைக்கு அப்புறம் நம் கண்மாய்களில் மேலே காய்ந்தது போல் இருந்தாலும் உள்ளே களி இருக்கும். அங்கே லோ ரேஞ்ச் போட்டும் நின்றால் டயரின் கட்டை (வெளிப்புறப் புடைப்பு) மண்ணை உதறுகிறதா, காற்றைக் குறைத்தீர்களா என்று பாருங்கள். சரளைச் செம்மண்ணில் பிடிக்கிற டயர் களியில் மொழுமொழுவென்று ஆகிவிடும், கிரவுனை எத்தனை தடவை மாற்றினாலும் அது தீராது.

சரி, கிரவுன் மாற்றுவதென்று முடிவு செய்தால் முன்பின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வெளியூரில் ஒரு பட்டறையில் பின் கிரவுனை மட்டும் மாற்றிக்கொடுத்து, முன்னால் எப்போதாவதுதானே ஓடுகிறது, அப்படியே இருக்கட்டும் என்றார்கள். நானும் சரியென்று வந்துவிட்டேன். ஊருணிக் கரையில் ஃபோர் வீல் போட்டு, ஏறி, கெட்டித் தரைக்கு வந்ததும் லீவர் திரும்பவே இல்லை. முன் சக்கரம் ஒரு கணக்கில் சுற்ற, பின் சக்கரம் இன்னொரு கணக்கில் சுற்ற, நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கின பிறகுதான் விட்டது. கேஸ் உடையாதது என் அதிர்ஷ்டம்.

அடுத்தது ஜோடி. கிரவுனும் பினியனும் ஆட்டுக்கல்லும் குழவியும் மாதிரி. ஒன்றோடு ஒன்று உரசிச் சேர்த்தே செய்யப்பட்டவை. இந்தக் கல்லில் அந்தக் குழவியைப் போட்டால் மாவு அரையாது, இங்கே சத்தம் போட்டுப் பல் உதிரும். இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பழைய சாமானாக இருந்தால் இன்னும் கவனமாக.

மாட்டுகிற வேலைதான் உண்மையில் செலவு. பினியன் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரி செய்ய வேண்டும், பேரிங் இறுக்கம் பார்க்க வேண்டும், பல்லுக்குப் பல் இடைவெளி, அதாவது பேக்லாஷ், இந்த ஆக்ஸில்களில் 0.15-லிருந்து 0.25 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும். கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். பல்லில் மார்க்கிங் பெயின்ட் தடவிச் சுற்றினால் அழுத்தம் படுகிற இடம் பல்லின் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் விழுந்தால் திரும்பக் கழற்றி ஷிம் மாற்ற வேண்டும். அந்தத் தடத்தைப் பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள், நல்ல மெக்கானிக் தானே கூப்பிட்டுக் காட்டுவார். மாட்டியதும் முதல் நாள் இருபது முப்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு அரை மணி நேரம் ஆற விடுங்கள், இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யுங்கள். 800 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்ற வேண்டாம், யாரையும் கட்டி இழுக்கவும் வேண்டாம். அப்புறம் எண்ணெயை வடித்துவிட்டு ஜிஎல்-5 தர 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றுங்கள்.

ஆக்ஸில் எப்போது மாற்றலாம்? 33 டயர், அதோடு லாக்கர் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கிற பூட்டு), பாறையில் ஏற்றுகிற பழக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால். பல் விகித எண் கூடக் கூடப் பினியன் சிறுத்துக்கொண்டே போகும், 5.38 பினியன் 4.88-ஐவிட மெலிந்தது. சக்கரத்தின் பாரத்தையும் ஷாஃப்டே தாங்குகிற செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸிலில் ஷாஃப்ட் ஹப் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) பக்கத்தில் முறிந்தால் சக்கரமும் சேர்ந்து வெளியே வந்துவிடும், ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஹப் தாங்கிக்கொள்ளும், ஷாஃப்ட் மட்டும்தான் போகும். அந்தப் பாதுகாப்புக்காக ஒருவர் ஆக்ஸில் மாற்றினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் ஓட்டுவது கண்மாய், சீமைக்கருவேலங்காட்டு வண்டித்தடம், எப்போதாவது சிறுமலைப் பக்கம். அதற்கு 31 போதும் என்பது என் கருத்து. 33-க்குப் போனால் பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அகலமான ஆக்ஸிலும் ஃபெண்டருக்கு வெளியே நிற்கிற டயரும் கண்ணுக்குத் தெரியும். மாட்டுவதற்கு முன்னாலேயே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.

இப்போது மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். அவரிடம் இருக்கிற ஜோடி உங்கள் வண்டியின் அதே ரக ஆக்ஸிலாக இருந்து, உள்ளே 43-க்கு 8 இருந்தால், அது கிரவுனைத் தனியாக வாங்கி அமைப்பதைவிட லாபமாக முடியலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்குவோர் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து வாங்குவது போல இதையும் பாருங்கள். ஹவுசிங்கின் இரு முனைக்கும் நூல் பிடித்து வளைவு பாருங்கள். ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் (சக்கரம் பூட்டுகிற முகம்) அகலம், ஸ்பிரிங் உட்காரும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம், பிரேக் டிரம், ஜாயின்ட் பொருந்துகிற யோக் எல்லாவற்றையும் அளந்து உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். முன் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் குண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் வருகிற அதே பக்கத்தில் இருக்க வேண்டும், மறுபக்கம் இருந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். மூடியைத் திறந்து பல்லில் குழியோ நீலம் பாய்ந்த சூட்டு அடையாளமோ இருந்தாலும் வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மெக்கானிக் பின்னால் மட்டும் எண்ணியிருக்கிறார். இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ பேர் கை பட்ட வண்டியில் முன்னாலும் 39-க்கு 8 தான் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. கியரை நியூட்ரலில் விட்டு, ஃபோர் வீல் லீவரை எடுத்துவிட்டு, முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்குங்கள். முன் சக்கரத்தை ஷாஃப்டோடு சேர்க்கிற லாக்கிங் ஹப் இருந்தால் பூட்டிக்கொள்ளுங்கள். முன் புரோப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டு சக்கரத்தையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து ஒரே சமயத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கோடு ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றால் 4.88, ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் முன்னால் ஏற்கெனவே 5.38 இருக்கிறது. அப்படி இருந்தால் பின்னால் மட்டும் மாற்றினால் போதும். அதுவரை கெட்டித் தரையில் ஃபோர் வீல் லீவரைத் தொடாதீர்கள்.