அம்மா கொடுத்த விடியற்காலை மாத்திரை

கேள்வி: என் நைனாவுக்கு வயது 68. லுங்கித் தறி நெய்தவர். ஆறு வருஷமாகப் பார்கின்சன் நோய். காலையில் பாத்ரூம் போகக்கூட என் மனைவியைக் கூப்பிடுகிறார், ஆனால் பதினொரு மணிக்கு மேல் தானாகவே டீக்கடைக்கு நடந்து போகிறார். அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க இருந்தவரை விடியற்காலையில் எழுப்பி மாத்திரை கொடுப்பாங்க, அவரும் ஏழு மணிக்கெல்லாம் சட்டை மாட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். இப்போது நான் ஆறரைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் பிடிக்கணும், அதனால் மனைவி ஒன்பது மணிக்கு டிபனோடு சேர்த்துக் கொடுக்கிறாள். ஒரு வருஷமாகப் பழைய சீட்டிலேயே மருந்து வாங்குகிறோம். பேரனைப் பார்த்துக்கூட நைனா சிரிப்பதில்லை. எங்களைப் படுத்த நடிக்கிறாரா?
(பெயர் வேண்டாம், குடியாத்தம்)

பதில்: தம்பி, "நடிக்கிறாரா" என்று கேட்டு வரும் கடிதங்களைப் பல வருஷமாகப் படிக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, நீங்களே எழுதிவிட்டு நீங்களே தாண்டிப் போயிருக்கிறீர்கள். அம்மா விடியற்காலையில் எழுப்பி மாத்திரை கொடுப்பாங்க, அவரும் ஏழு மணிக்குத் தயாராகிவிடுவார். அந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள்.

உடம்பு நம் சொல்படி அசைய மூளையில் டோபமைன் என்ற பொருள் வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போவதுதான் இந்த நோய். கை நடுக்கம் வெளியே தெரிவதற்குள்ளேயே அவற்றில் பாதிக்கு மேல் போயிருக்கும். அவர் சாப்பிடும் மாத்திரையில் லெவோடோபா இருக்கும், அது மூளைக்குப் போய் டோபமைனாக மாறி, சில மணி நேரம் வேலை செய்துவிட்டுத் தீர்ந்துபோகும். ராத்திரி முழுக்க மாத்திரை இல்லாமல் கிடந்த மனுஷனுக்கு விடியும்போது உள்ளே என்ன இருக்கும்? தறியில் ஊடு நூல் சுற்றிய தார் தீர்ந்துபோன நாடாவை எத்தனை தடவை ஓட்டினாலும் துணி வளராது. இதை உங்கள் நைனாவிடம் சொன்னால் உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்.

ஒன்பது மணிக்கு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால், கூடவே மாத்திரை. பாலிலும் பருப்பிலும் இருக்கிற புரதம் இந்த மருந்தோடு போட்டி போடும், உடம்பில் சேர விடாது. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலோ ஒரு மணி நேரம் கழித்தோ கொடுக்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு சாதா பிஸ்கட் போதும். நீங்கள் ஒன்பதுக்குக் கொடுப்பது பதினொன்றுக்குத்தான் வேலை செய்கிறது, அப்போதுதான் அவர் கால்கள் அவர் பேச்சைக் கேட்கின்றன, கடைக்குப் போகிறார். அதைப் போய் நடிப்பு என்கிறீர்கள்! காலையில் பாத்ரூமுக்கு மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று அந்த மனுஷன் எவ்வளவு கூசிப்போவார்?

சிரிக்காததும் இதே கதைதான். முகத்துத் தசைகளும் இறுகிவிடும், உள்ளே சந்தோஷம் இருந்தாலும் முகத்தில் வராது. குரலும் அமுங்கிவிடும். கூடவே மனச்சோர்வு இந்த நோயின் ஒரு பகுதியாகவே வரும், போதாததற்கு மனைவி போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு.

டாக்டர் என்றதும் இன்னொன்று. வங்காளத்திலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், வேலூரில் வைத்தியம் பார்க்க. குடியாத்தத்திலிருந்து உங்களுக்கு ஒரு மணி நேரம். ஒரு வருஷமாகப் பழைய சீட்டா? நோய் வளர வளர மாத்திரையின் அளவும் நேரமும் மாற வேண்டியிருக்கும், அதை நரம்பியல் டாக்டர்தான் செய்ய வேண்டும். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், திடீரென நிறுத்துவது ஆபத்து. யாராவது பூனைக்காலிப் பொடி நல்லது என்பார்கள். அதிலும் லெவோடோபாதான் இருக்கிறது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். வாந்திக்கு மருந்துக்கடையில் மெட்டோகுளோபிரமைடு வாங்கிக் கொடுப்பதும் கூடாது, இந்த நோயை அது மோசமாக்கும். அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பார்கின்சனும் இருக்கிறது, சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

வாசல் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டு நிற்கிறாரா? கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு அதைத் தாண்டச் சொல்லுங்கள், அல்லது தாளம் போடுங்கள். தறியில் மிதிபலகையை மாற்றி மாற்றி மிதித்த கால்கள் அவை, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் பல பேருக்குக் கால் எழும்பிவிடும்.

பெற்ற அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது மகன் வேலை. மருமகள் பார்ப்பது அவள் நல்ல மனசு, அதை அவள் கடமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆறரைக்குப் பஸ் என்றால் ஐந்தேமுக்காலுக்கு நீங்கள் எழுந்துதான் இருப்பீர்கள். டாக்டர் அந்த நேரத்துக்குச் சரி என்றதும், ராத்திரியே கட்டில் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் வையுங்கள். காலையில் அவரைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்து, மாத்திரையை விழுங்கி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். மொத்தம் ஐந்து நிமிஷம் ஆகுமா?

இன்றைக்கு வேலை முடிந்து போனதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "நைனா, அம்மா எத்தனை மணிக்கு எழுப்புவாங்க?" அந்த நேரத்தை எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பதில் மெதுவாகத்தான் வரும், குரலும் கேட்காது. அவர் முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.