வாசகர் கேள்வி – பதில்: அயர்லாந்தும் லிஸ்பன் ஒப்பந்தமும்

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008-இல் நிராகரித்த அயர்லாந்து மக்கள், மறு ஆண்டே அதை ஏற்றுக்கொண்டார்கள். முதல் முறை அவர்களுக்கு யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லையா?

பதில்: எடுத்துச் சொல்வதற்கென்றே ஓர் ஆணையம் இருந்தது. நீதிபதி ஒருவரின் தலைமையில், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், மக்கள் குறைதீர்ப்பாளர், நாடாளுமன்ற இரு அவைகளின் செயலர்கள் ஆகியோரைக் கொண்ட அந்த வாக்கெடுப்பு ஆணையம் விளக்கக் கையேடு அச்சிட்டது, விளம்பரமும் செய்தது. இருந்தும் 2008 ஜூன் 12 அன்று 53.4 விழுக்காட்டினர் எதிர்த்தே வாக்களித்தார்கள். பின்னர் நடந்த கருத்தாய்வில், எதிர்த்தவர்கள் கூறிய காரணங்களில் முதலிடம் பெற்றது போதிய விவரம் தெரியவில்லை என்பதுதான். 'தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடுங்கள்' என்ற முழக்கம் எடுபட்டதில் வியப்பில்லை.

இதற்கு மக்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. லிஸ்பன் ஒப்பந்தம் தனித்து நிற்கும் ஆவணம் அன்று. பழைய ஒப்பந்தங்களில் எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்று அடுக்கிச் செல்லும் திருத்தங்களின் தொகுப்பு. மூலச் சட்டத்தைக் காட்டாமல் திருத்தச் சட்டத்தை மட்டும் கையில் கொடுத்தால் வழக்கறிஞரே திணறுவார். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் அயர்லாந்தின் ஆணையராக இருந்த சார்லி மெக்ரீவியே அதை முழுவதும் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்!

2009 அக்டோபர் 2 அன்று 67.1 விழுக்காட்டினர் ஆதரித்ததற்கு நல்ல விளக்கம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வரி விதிப்பு, படை நடுநிலைமை, கருக்கலைப்புச் சட்டம் ஆகியவற்றில் ஒப்பந்தம் தலையிடாது என்ற உறுதிமொழியையும், ஐரோப்பிய ஆணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர் தொடர்வார் என்ற முடிவையும் அயர்லாந்து இடையில் பெற்றிருந்தது. வங்கிகள் ஆட்டங்கண்ட அச்சமும் சேர்ந்துகொண்டது.

கேள்வி: மற்ற நாடுகள் நாடாளுமன்றத்திலேயே முடித்துக்கொண்டபோது அயர்லாந்து மட்டும் ஏன் மக்களிடம் போனது?

பதில்: ரேமண்ட் குரோட்டி என்பவர் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1987-இல் அளித்த தீர்ப்பே காரணம். ஒன்றியத்தின் தன்மையையே மாற்றும் ஒப்பந்தத்தை ஏற்க அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அங்கே அத்தகைய திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்பின்றிச் செய்ய இயலாது.

கேள்வி: ஒப்பந்தத்தை ஆதரித்த அரசே நேரடியாகப் பிரசாரம் செய்திருக்கலாமே? தனி ஆணையம் எதற்கு?

பதில்: அமைச்சர்கள் பேசலாம்; கட்சி தன் பணத்தைச் செலவிடலாம். பொதுப்பணத்தைத்தான் ஒரு பக்கத்துக்கு மட்டும் செலவிடக் கூடாது. 1995 நவம்பரில் மணவிலக்கு குறித்த வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில், பாட்ரிசியா மெக்கென்னா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1998-இல் சட்டம் வந்து ஆணையம் பிறந்தது.

தொடக்கத்தில் அதற்கு இரட்டை வேலை: ஒப்பந்தத்தை விளக்குவதோடு, ஆதரவு வாதங்களையும் எதிர்ப்பு வாதங்களையும் எடுத்து வைக்கவும் வேண்டும். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, உண்மையையும் புரளியையும் ஒரே தராசில் நிறுத்திவிடும் என்பது என் கருத்து. 2001-இல் லிஸ்பனுக்கு முந்தைய ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தமான நைஸ் ஒப்பந்தத்தின் முதல் வாக்கெடுப்பு தோற்ற பின், அதே ஆண்டில் வாதங்களைத் தொகுக்கும் பொறுப்பு நீக்கப்பட்டது. விளக்கம் மட்டும் எஞ்சியது.

அதன் பயன் 2009-இல் தெரிந்தது. லிஸ்பனுக்குப் பிறகு குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1.84 யூரோ ஆகிவிடுமோ என்று கேட்கும் சுவரொட்டிகளை எதிர்ப்புக் குழு ஒன்று ஊரெங்கும் ஒட்டியிருந்தது. அன்றைய ஊதியமோ 8.65 யூரோ. நீதிபதி ஃபிராங்க் கிளார்க் தலைமையிலான ஆணையம், ஊதியத்தை நிர்ணயிப்பது அயர்லாந்துச் சட்டமே, ஒப்பந்தத்துக்கு அதில் தொடர்பில்லை என்று தெளிவுபடுத்தியது. பழைய விதி நீடித்திருந்தால் இந்தச் சுவரொட்டியின் வாதமும் ஆணையத்தின் கையேட்டில் ஒரு பத்தியாக இடம் கேட்டிருக்கும்.

ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் இந்த ஆணையத்தைப் புதிதாக அமைத்துப் பின்னர் கலைப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2023 முதல் இந்தப் பணி நிரந்தரத் தேர்தல் ஆணையத்திடம் இருக்கிறது.