கார்டு கடன் பாக்கி இருந்தால் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்காதா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்று வர்ஜீனியாவில் வசிக்கிறேன். 2023இல் வேலை போய் எட்டு மாதம் வருமானம் இல்லை. மூன்று கிரெடிட் கார்டுகளில் 31,000 டாலர் பாக்கி. இரண்டு கலெக்‌ஷனுக்குப் (கடன் வசூல் நிறுவனங்களிடம்) போய்விட்டன. இப்போது பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, ‘சீக்ரெட்’ கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) வேண்டும். ஊரில் தம்பியின் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவன் ஆறு மாதமாகத் தவணை கட்டவில்லை. இவற்றைப் படிவத்தில் எழுதாமல் விடலாம் என்கிறார் நண்பர். விடலாமா?

பதில்: விடாதீர்கள். கடனால் கிளியரன்ஸ் இழப்பவர்களைக் காப்பாற்ற வழி உண்டு. மறைத்ததால் இழப்பவர்களைக் காப்பாற்றுவது மிகக் கடினம். கிளியரன்ஸுக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 26ஆம் பிரிவு, கடந்த ஏழு ஆண்டுகளில் 120 நாளுக்கு மேல் பாக்கி விழுந்த கடன்களைக் கேட்கிறது. உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை விசாரணை அதிகாரிகளே எடுத்துப் பார்ப்பார்கள். தெரிந்தே பொய் எழுதினால் அது நேர்மை பற்றிய தனிக் குற்றச்சாட்டாகிவிடும். ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றமும்கூட.

ஜாமீன் கடனும் அதே பிரிவில் வருகிறது. ‘ஜாமீன்தாரராக இருந்தவையும் சேர்த்து’ என்று படிவமே சொல்கிறது. அமெரிக்கக் கடன் மட்டும் என்று எங்கும் இல்லை. அந்த வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருந்தால், வெளிநாட்டுச் சொத்து பற்றிய 20ஏ பிரிவிலும் எழுத வேண்டும்.

இத்தனை டாலரைத் தாண்டினால் மறுப்பு என்று எல்லைக்கோடு கிடையாது. கடனில் மூழ்கியவர் பணத்துக்காக ரகசியத்தை விற்கலாம் என்பதே அரசின் கவலை. சிஐஏவின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் சோவியத்துக்கு விலைபோனதற்கு அவருடைய கடனும் ஒரு காரணம். கிளியரன்ஸ் தருவதா என முடிவெடுக்க 2017இலிருந்து நடப்பில் உள்ள நெறிமுறைகளில் ‘எஃப்’ பிரிவு இதைப் பற்றியது. வேலையிழப்பு, மருத்துவச் செலவு, மணமுறிவு போன்று கைமீறிய காரணத்தால் கடன் வந்ததென்றால் அது உங்களுக்குச் சாதகம். ஆனால் அதன்பின் பொறுப்பாக நடந்துகொண்டீர்களா என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஆகவே இன்றே தொடங்குங்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் பதிவு நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்து, ஒவ்வொரு கடனும் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். லாப நோக்கமற்ற கடன் ஆலோசனை மையத்தில் வரவு செலவுப் பட்டியல் போட்டு, கட்டக்கூடிய தவணையை எழுத்தில் பேசி முடியுங்கள். எல்லாக் கடனையும் அடைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. மாதம் 150 டாலரானாலும் தவறாமல் கட்டிய வங்கிச் சான்று, ‘வேலை கிடைத்ததும் கட்டிவிடுகிறேன்’ என்ற வாக்குறுதியைவிடப் பல மடங்கு கனமானது. பணிநீக்கக் கடிதத்தையும் கடன் கொடுத்தவர்களுக்கு எழுதிய கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

ஏழாண்டு கழித்து ரிப்போர்ட்டிலிருந்து மறைந்துவிடும், வழக்குப் போடும் காலவரம்பு தாண்டிவிடும் என்று காத்திருப்பது நல்லெண்ண முயற்சியாக எண்ணப்படாது. ‘சார்ஜ் ஆஃப்’ (வராக்கடன் என்று வங்கி தன் கணக்கில் தள்ளுவது) என்று பதிவாவதும் கடன் தீர்ந்ததாகாது. செட்டில்மென்ட்டில் 600 டாலர் அல்லது அதற்கு மேல் தள்ளுபடியானால் 1099-சி படிவம் வரும். அந்தத் தொகை பொதுவாக வருமானமாகக் கணக்காகும். அதை வரிக் கணக்கில் காட்டாவிட்டால் கார்டுப் பிரச்சினை வரிப் பிரச்சினையாகிவிடும். வரி பாக்கியை, கிளியரன்ஸ் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் கார்டு கடனைவிடக் கடுமையாகப் பார்க்கிறார்கள். திவால் மனு சட்டபூர்வமான வழிதான், அதற்காக மட்டும் கிளியரன்ஸ் போய்விடாது. ஆனால் அதையும் படிவத்தில் எழுத வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் காரண அறிக்கை (கிளியரன்ஸ் தரத் தயங்குவதற்கான குற்றச்சாட்டுகளைப் பட்டியலிடும் கடிதம்) வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாளில், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அதிலேயே நீதிபதி முன் நேரடி விசாரணையையும் கேளுங்கள். கேட்காவிட்டால் காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பார்கள். தீர்ப்பு பாதகமானால் 15 நாளில் அப்பீல் அறிவிப்புக் கொடுக்கலாம், ஆனால் அங்கே புதிய ஆவணம் எதையும் ஏற்கமாட்டார்கள். அதனால் தவணை ரசீதுகள் ஒன்று விடாமல் முதல் நீதிபதியிடமே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.