அட்டையில் வந்த முகங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தெஹிவளையில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை, இரண்டாம் வருடம். எழுத்தாளர்கள், இயக்குநர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தேடித் தேடி வாசிப்பேன். சலூன் நடத்திக்கொண்டே ‘மல்லிகை’ இதழைக் கொண்டுவந்த டொமினிக் ஜீவாவைப் பற்றி வாசித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் என் விரிவுரையாளர் ஒருவர், படைப்பைப் பார், ஆளைப் பார்க்காதே என்கிறார். ஒருவரை இப்படி வியப்பது தவறா? இன்னொரு கேள்வியும் உண்டு. படம் எடுக்க ஆசைப்படும் என் நண்பர்கள் எல்லோரும் சென்னையைத்தான் பார்க்கிறார்கள். வியந்து பார்க்க இங்கே யாரும் இல்லையா?

ஒரு வாசகி, தெஹிவளை

அன்புத் தங்கைக்கு,

வியப்பதில் ஒரு தவறும் இல்லை. நான் எழுத வந்ததே சிலரை வியந்துதான். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஜீவாவின் கதை எதையாவது வாசித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோபத்தில் கேட்கவில்லை, வருத்தத்தில் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதையும், இதழைக் கையில் சுமந்து விற்றதையும் மேடையில் சொல்லி உருகுகிறவர்கள், ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்றதும் அது சாகித்தியப் பரிசு பெற்றது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் உள்ள கதைகளைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அவருடைய கஷ்டத்தைப் போற்றுவதற்குப் புத்தகத்தைத் திறக்கவே தேவையில்லை அல்லவா?

ஜீவாவை நான் வியப்பது வேறொரு காரணத்துக்காக. 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை, போரிலும் நிற்காமல் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்து, மொத்தம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்தது. அதன் அட்டையில் எழுத்தாளர்கள், கலைஞர்களின் படம் வரும். உள்ளே அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். உயிரோடு இருக்கும்போதே ஒருவரைக் கொண்டாட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சிங்களச் சிறுகதைகளையும் தமிழாக்கி விடாமல் போட்டார். அவரும் பலரை வியந்தவர்தான். அந்த வியப்புக்கு மாதாமாதம் கடதாசி வாங்க வேண்டும், அச்சுக்கூலி கொடுக்க வேண்டும், கட்டுரை எழுத ஆள் பிடிக்க வேண்டும். அத்தனையும் செய்தார். எனக்குத் தெரிந்து ஈழத்தில் மற்றவர்களை இவ்வளவு உழைத்துப் போற்றியவர் இல்லை.

உங்கள் விரிவுரையாளர் சொல்வதில் பாதி நியாயம். மறுபாதிக்குச் சிங்களத் திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸைச் சொல்வேன். 1919இல் உங்கள் தெஹிவளையில்தான் பிறந்தார், ஆங்கிலம் பேசும் வீட்டில். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படம் மதுரையில் உருவானது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். அப்புறம் வந்தவற்றிலும் பெரும்பாலானவை தென்னிந்திய ஸ்டுடியோக்களில், அங்குள்ள படங்களின் அச்சிலேயே தயாராயின. உங்கள் நண்பர்கள் இன்று பார்க்கும் அதே திசையைத்தான் அன்று சிங்கள சினிமாவும் பார்த்துக்கொண்டிருந்தது. லெஸ்டர் அரசாங்கத் திரைப்படப் பிரிவு வேலையை விட்டார். ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் அவரோடு வெளியேறினார்கள். கமெராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோய் 1956இல் ‘ரேகாவ’வை எடுத்தார்கள். படம் கான் விழாவுக்குப் போனது, ஊரில் வசூல் இல்லை. சம்பளம் வரும் வேலையை விட்டதும், ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்ததும் எனக்கு ஒரே முடிவாகவே தெரிகின்றன. அந்த முடிவு ஒவ்வொரு காட்சியின் வெளிச்சத்திலும் இருக்கிறது. இங்கே ஆளைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் எப்படிப் பிரிப்பது?

இருந்தாலும் முதலில் ‘கம்பெரலிய’வைப் பாருங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலை வைத்து 1963இல் எடுத்தது. 1965இல் டெல்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றது. ஒரு பெரிய வீடு மெல்ல மெல்லச் சரிவதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன படங்கள் குறைவு. படத்தொகுப்பு சுமித்ரா பீரிஸ். லெஸ்டரின் மனைவி என்று மட்டும் அவரைச் சொல்வது எனக்குப் பிடிக்காது. 1978இல் ‘கெஹெனு லமாய்’ எடுத்த இயக்குநர் அவர்.

சரி, தமிழ்ப் படம் எங்கே என்பீர்கள். ‘பொன்மணி’ இருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் தர்மசேன பத்திராஜ எடுத்தது, திரைக்கதை காவலூர் இராசதுரை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஒரு சிங்களவர், சீதனத்தையும் சாதியையும் பற்றி நம் மொழியிலேயே நம்மிடம் பேசினார். தென்னிந்தியப் படங்களுக்குப் பழகிய நம் ரசிகர்கள் அதைக் கைவிட்டார்கள், திரையரங்குகளில் அது நீண்ட நாள் ஓடவில்லை. நம் தெருக்களை இருக்கிறபடி காட்டிய படம் அது. அதற்குப் பிறகு அந்த வழியில் பத்துப் படங்களாவது வந்திருக்க வேண்டும். வராதது எனக்கு இன்றும் ஆறாத துக்கம்.

வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்குக் கிட்டத்தான். ‘தண்ணீரும் கண்ணீரும்’ அங்கே கிடைக்கிறதா என்று கேளுங்கள். மல்லிகையின் பழைய இதழ்களை நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். ‘பொன்மணி’ எங்காவது திரையிடப்பட்டால் அந்த நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜீவாவின் கதைகளில் எது உங்களுக்குப் பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பிடிக்காததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா