படுக்கையில் இருக்கும் அப்பாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவிடம் எரிந்து விழுகிறீர்கள், பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறீர்கள், மனதை எப்படித் தேற்றுவது என்று கேட்கிறீர்கள். மனம் கிடக்கட்டும். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. துண்டு துண்டாகத்தான் தூங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். 'அப்படியானால் தியானம், பிரார்த்தனை எல்லாம் வீணா?' என்று சண்டைக்கு வராதீர்கள். தூங்காத ஆளுக்கு அவை ஏறாது, அவ்வளவுதான்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருப்பார்கள். சரியான பேச்சுதான், ஆனால் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும் வார்டில்தான் அது நடக்கும். வீட்டில் ஒரே ஆள் இரவிலும் அதைச் செய்தால் பத்தே நாளில் நோயாளி இரண்டு பேர். மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும் ஏர் பெட் போட்டு, தோல் தாங்கினால், இரவு இடைவெளியை மூன்று, நான்கு மணி நேரமாக நீட்டலாம். செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தாங்குகிறதா என்பதைத் தோலே சொல்லும். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால் நான்கையும் விளக்கடியில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது, இடைவெளியைக் குறைக்க வேண்டும். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கல் மாதிரி கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஏர் பெட் போட்டும் புண் வருகிறது என்பவர்கள் பெரும்பாலும் மேலே நான்கு மடிப்புப் போர்வையும் ரப்பர் விரிப்பும் போட்டிருப்பார்கள். மெல்லிய விரிப்பு ஒன்று போதும். பம்பில் உள்ள திருகை அவர் எடைக்கு ஏற்ப வையுங்கள். இடுப்புக்கு நேரே ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை.

திருப்பும்போது முழுக்க ஒருக்களிக்க வைக்காதீர்கள், மொத்தப் பாரமும் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு இடையே ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். அடியில் ஒரு காகிதம் தடையில்லாமல் போய்வந்தால் சரி.

உங்கள் முதுகு போனால் எல்லாமே போச்சு. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். பக்கவாதம் விழுந்த கையை இழுத்தால் தோள் மூட்டு நழுவும், அந்த வலியில் அவர் கத்துவார், நீங்களும் கத்துவீர்கள். தோளிலிருந்து தொடை வரை ஒரு போர்வையை மடித்து விரித்து, அதைப் பிடித்து நகர்த்துங்கள். கட்டிலை உயர்த்த முடிந்தால் உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வேலையை முடித்து, மறுபடி இறக்கிவிடுங்கள்.

நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், அடிக்க வருகிறார் என்றால் அது வீம்பு அல்ல. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், புதிய மருந்து, இதில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர் என்பதால் கூடவே பேச்சுக் குழறினாலோ முகம் கோணினாலோ காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மாத்திரைகளை ஒவ்வொரு வேளையும் அட்டையிலிருந்து பிரித்துக்கொண்டிருக்காமல், வாரம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் 7 நாள் டப்பாவில் நிரப்பிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை கொடுத்துவிட்டோமோ என்ற பயம் போகும். இந்த மருந்துக் கம்பெனிகளைத்தான் என்ன சொல்வது! 5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் ஒரே நிறப் பெட்டி, ஒரே எழுத்து, எண் மட்டும் கடுகளவு. பெட்டிக்கு வேறு சாயம் பூசினால் குடி முழுகிவிடுமா? கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

அடித்துவிடலாம் போலக் கை எழுந்தால் அவரைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு அறையை விட்டுப் பத்து நிமிடம் வெளியே போங்கள். அது கைவிடுதல் ஆகாது. பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் அளவுகோல் என்று 22 கேள்விகள் உண்டு, மொத்தம் 88 மதிப்பெண். நிரப்பி மருத்துவரிடம் கொடுங்கள். 'கஷ்டமாக இருக்கிறது' என்பதைவிட ஓர் எண் சீக்கிரம் காதில் விழும். இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லை என்றால் உங்களுக்கே சிகிச்சை தேவைப்படலாம். செத்துவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, உதவி. 'முடிந்தால் வாங்க' என்றால் யாரும் வரமாட்டார்கள். 'செவ்வாயும் வெள்ளியும் இரவு 10 முதல் 3 வரை நீ பார்த்துக்கொள்' என்று கேளுங்கள். ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவது, ஒரு மணி நேரமாக ஐந்து தடவை தூங்குவதற்குச் சமம் இல்லை. ஒரு நோட்டில் நேரம், எந்தப் பக்கம் படுக்க வைத்தது, கொடுத்த மருந்து, சிறுநீர், மலம், இவை மட்டும் எழுதிக் கையில் கொடுங்கள். திருப்பும் விதத்தைப் பகலிலேயே ஒருமுறை கூட நின்று செய்துகாட்டுங்கள். முதல் இரவு வருகிறவர் தப்பும் தவறுமாகத்தான் தலையணை வைப்பார். அதற்காக எழுந்து போகாதீர்கள், 3 மணிக்கு நீங்களே சரி செய்துகொள்ளலாம்.