கோத்தகிரிக் குளிரும் அம்மாவின் கண்புரையும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு 56 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. வெயிலில் கண் கூசுகிறது, எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிறது என்கிறார். ஆனால் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலேயே இப்போது படிக்கிறார்! குளிரால் வந்தது, சொட்டு மருந்தில் கரைந்துவிடும் என்று லைன் வீடுகளில் சொல்கிறார்கள். புரை முற்றிய பிறகுதான் ஆபரேஷன் என்கிறார் அப்பா. எதைக் கேட்பது?

பதில்: கண்ணாடி இல்லாமல் படிக்கிறாரே என்று சந்தோஷப்படாதீர்கள். புரையின் அடையாளமே அதுவாக இருக்கலாம். லென்ஸின் நடுப்பகுதி இறுகி அடர்த்தியாகும்போது கிட்டப்பார்வை உண்டாகும். கையில் இருக்கும் எழுத்து தெளியும், தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகை மங்கும். நாளாக நாளாகக் கிட்டத்து எழுத்தும் மங்கிவிடும்.

கண் லென்ஸ் சுமார் 9 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன். எடையில் மூன்றில் ஒரு பங்கு புரதம். அதில் பெரும்பகுதி கிரிஸ்டலின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வகை. இவை ஒன்றோடொன்று ஒட்டாமல் நெருங்கி நிற்கும்வரை லென்ஸ் தெளிவாக இருக்கும். ஒட்டித் திரண்டால் ஒளி சிதறும், அதுதான் புரை. வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதும் இப்படித்தான். இங்கே அடுப்புக்குப் பதில் வயது.

திரளவிடாமல் காவல் காப்பது ஆல்ஃபா. உருக்குலையும் மற்ற இரண்டையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை 1992-ல் ஆய்வாளர் ஜோசப் ஹார்விட்ஸ் காட்டினார். சிக்கல் எங்கே என்றால், லென்ஸின் உள்ளே இருக்கும் நார் போன்ற செல்களில் உட்கருவே கிடையாது. புதுப் புரதம் செய்ய வழியில்லை. உங்கள் அம்மாவின் லென்ஸ் நடுவில் இருப்பது, அவர் உங்கள் பாட்டியின் வயிற்றில் இருந்தபோது உருவான புரதம். ஐம்பதை ஒட்டிய வயதில் நடுப்பகுதியில் கரைந்த நிலையில் இருக்கும் ஆல்ஃபா பெரும்பாலும் தீர்ந்துபோகும்.

குளிர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கன்றுக்குட்டியின் லென்ஸை ஃபிரிட்ஜில் வைத்தால் வெளுத்துவிடும், சூடாக்கினால் மறுபடி தெளியும். காமா கிரிஸ்டலின் குளிரில் பிரிந்து நிற்பதால் வரும் மாற்றம் அது. உயிரோடிருக்கும் மனிதரின் லென்ஸ் கிட்டத்தட்ட உடல் சூட்டிலேயே இருக்கிறது. ஜனவரி உறைபனி அவலாஞ்சிப் புல்லை வெளுக்கும், லென்ஸை வெளுக்காது.

மலையில் கவனிக்க வேண்டியது வெயில். ஆயிரம் மீட்டர் ஏறினால், லென்ஸைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. அதற்காக உயரத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நேபாளத்தைப் பற்றி 1983-ல் வெளியான ஆய்வில் உயரமான ஊர்களில் புரை குறைவாகவே இருந்தது. சுற்றியுள்ள மலைகள் வெயிலை மறைத்ததே காரணம் என்று கருதினார்கள். திறந்த சரிவில் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதுதான் கணக்கு.

கூடைப் பட்டை நெற்றியில் விழுந்தால் அகலத் தொப்பி நிற்காது. ஆகவே கண்ணாடிதான் வழி. புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கு அடையாளமாக 'யுவி 400' என்று குறித்த, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி வாங்குங்கள். கறுப்பு நிறம் கதிரைத் தடுக்கும் என்பதில்லை. தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரியும், கதிர் கூடுதலாகவே நுழையலாம். விறகடுப்புப் புகையும் புரையோடு தொடர்புள்ளது. சர்க்கரை இரண்டு விதமாகக் கெடுக்கிறது: கிரிஸ்டலினிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், லென்ஸுக்குள் சார்பிட்டால் என்ற பொருளாக மாறித் தண்ணீரை இழுக்கும். சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணாடியின் பவரும் மாறும். சில வாரம் அது சீராக இருக்கட்டும், பிறகு பவர் பாருங்கள்.

சொட்டு மருந்து? 2015-ல் லானோஸ்டீரால் என்ற பொருள் நாய்களின் புரையைக் குறைத்ததாக ஆய்வு வந்தது. ஆபரேஷனில் எடுத்த மனித லென்ஸின் நடுப்பகுதியில் பிறகு சோதித்தபோது பலிக்கவில்லை. புரையைக் கரைப்பதாக நிரூபணமான சொட்டு எதுவும் கையில் இல்லை. கடையில் அப்படிச் சொல்லி விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

'முற்றட்டும்' என்பது பழைய முறை ஆபரேஷன் காலத்துப் பேச்சு. இன்று பாக்கோ முறையில் 3 மி.மீ.க்கும் குறைவான கீறலில் லென்ஸை உடைத்து உறிஞ்சிவிட்டு, அதன் உறைப் பைக்குள் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். கல்லாக இறுகிய புரை இப்படி உடைப்பதற்குத்தான் கஷ்டம். மிதமிஞ்சி முற்றினால் புரதம் கூழாகி, உறை வழியே கசிந்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வடிகாலை அடைத்து, கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, இரவானாலும் சரி.

வீட்டிலேயே பார்க்க: பகல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடி, தினசரி காலண்டரில் எந்த வரி வரை படிக்கிறார் என்று மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். சரிவில் கால் வைக்கத் தயங்குகிறார் என்றால் நேரம் வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன் இலவசம். முன்னதாகக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சர்க்கரைப் பாதிப்பு இருந்தால், புரையை மட்டும் எடுத்து முழுப் பார்வை வராது. கண்மணியை விரிக்கும் சொட்டு விட்ட பிறகு சில மணி நேரம் கூசும், கூட ஆள் வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து நான்கு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்து. கண்ணைத் தேய்க்கக் கூடாது, தலைக்குக் குளிப்பதையும் புகையடுப்பையும் தள்ளிப்போட வேண்டும். இலைச் சாக்கு தூக்குவது டாக்டர் சொன்ன பிறகுதான்.

ஓரிரு வருடத்தில் மறுபடி மங்கினால் புரை திரும்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். லென்ஸ் வைத்த பையின் பின்சுவர் கலங்கியிருக்கும். யாக் என்ற லேசரில் சில நிமிட வேலை. வைத்திருப்பது செயற்கை லென்ஸ், அதில் திரளக் கிரிஸ்டலினே கிடையாது.